கையை எடுக்கச் சொல்லும் கார், கண்ணை ஏன் விடமாட்டேன் என்கிறது?

டெக்சாஸில் இருக்கும் ஒரு நண்பரின் கேள்வி இது. ஹைவேயில் ஸ்டியரிங்கைத் தொடாமலே போகும் வசதியோடு புது கார் வாங்கியிருக்கிறார். "கையை எடுத்துக்கொள்ளலாம் என்று கார்தான் சொல்கிறது. ஆனால் பக்கத்து சீட்டுப் பக்கம் திரும்பி நாலு வார்த்தை பேசினால் கத்துகிறது. சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில சமயம் கத்துகிறது. மனைவியின் பழைய காரில் இந்தத் தொல்லை இல்லை. ஸ்டியரிங்கை அவ்வப்போது லேசாக அசைத்தால் போதும். இந்தக் கேமரா அப்படி என்னத்தைப் பார்க்கிறது? என்னைப் படம் எடுத்து எங்காவது அனுப்புகிறதா? இதை ஏமாற்ற ஆன்லைனில் ஏதேதோ விற்கிறார்களே, வாங்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்காதீர்கள். ஏன் என்பதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். உங்கள் காரில் உள்ள உணரிகளிலேயே மிகவும் தேவையானது உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்தச் சின்னக் கேமராதான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜிஎம் நிறுவனத்தின் சூப்பர் குரூஸ், ஃபோர்டின் புளூ குரூஸ் போன்றவை எல்லாம் தானியங்கிக் கார்கள் அல்ல. வாகனப் பொறியாளர்கள் தானியக்கத்தை 0 முதல் 5 வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இவை அதில் இரண்டாம் நிலை. லேனுக்குள் நிற்பது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டுப் போவது, தேவைப்பட்டால் பிரேக் போடுவது, இவ்வளவும் கார் செய்யும். ஆனால் ஓட்டுவது நீங்கள்தான். விபத்து நடந்தால் போலீஸ் பார்வையில் ஓட்டுநர் நீங்கள்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. காருக்குத் தெரியாத சில விஷயங்கள் சாலையில் உண்டு. அவற்றைப் பார்க்கும் வேலை உங்கள் கண்ணிடம் விடப்பட்டிருக்கிறது. எதெல்லாம் அப்படி விடப்பட்டிருக்கிறது என்று கார் வாங்கும்போது யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. இதைத்தான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

ஓர் உதாரணம். 2024 பிப்ரவரி 24 இரவு, உங்கள் மாநிலத்திலேயே, சான் அன்டோனியோவில் இன்டர்ஸ்டேட் 10 சாலையில் ஒரு ஃபோர்டு மஸ்டாங் மாக்-இ போய்க்கொண்டிருந்தது. புளூ குரூஸ் இயங்கிக்கொண்டிருந்தது. லேனில் ஒரு ஹோண்டா சிஆர்-வி அசையாமல் நின்றிருந்தது. மாக்-இ அதன் பின்னால் மோதியது. ஹோண்டாவை ஓட்டியவர் இறந்துபோனார். ஒரு வாரம் கழித்து, மார்ச் 3 அதிகாலையில், ஃபிலடெல்ஃபியாவில் இன்டர்ஸ்டேட் 95-இல் இன்னொரு மாக்-இ, நின்றிருந்த வண்டிகள் மேல் மோதி இரண்டு பேர் உயிரிழந்தார்கள். அதிலும் புளூ குரூஸ் இயங்கிக்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான நிட்சா விசாரணையைத் தொடங்கியது. 2025 ஜனவரியில் அதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனபோது ஒரு விவரம் வெளியே வந்தது. மணிக்கு 62 மைல், அதாவது 100 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது, அசையாமல் நிற்கும் பொருள் முன்னால் இருப்பதாக உணரி சொன்னாலும் அதற்கு எதிர்வினை காட்டாதபடிதான் அந்தக் குரூஸ் கன்ட்ரோல் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இது சோம்பேறித்தனத்தால் வந்தது அல்ல. முன்னால் இருப்பதைக் கவனிக்கக் காரில் வைத்திருக்கும் ரேடாருக்கு, ஒரு பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பது நன்றாகத் தெரியும். அது சரியாக எந்தப் பக்கம், எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அவ்வளவு நன்றாகத் தெரியாது. தலைக்கு மேல் தொங்கும் வழிகாட்டிப் பலகை, பாலத்தின் அடிப்பகுதி, வளைவில் வரும் தடுப்புக் கம்பி, சாலையில் கிடக்கும் இரும்பு மூடி என்று ஹைவேயில் அசையாத இரும்பு ஆயிரம் இருக்கிறது. ரேடாருக்கு இவையும் லேனில் நிற்கும் காரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால், வெறும் சாலையில் திடீரென்று கார் நின்று பின்னால் வரும் லாரி உங்கள் மேல் ஏறும். வேகம் கூடக்கூட முடிவை இன்னும் தூரத்திலேயே எடுக்க வேண்டும், தூரம் கூடினால் சந்தேகமும் கூடும். அதனால் பொறியாளர்கள் ஒரு கோடு போட்டார்கள்: இந்த வேகத்துக்கு மேல் நின்றிருக்கும் பொருளைக் கண்டுகொள்ள வேண்டாம், மனிதர் பார்த்துக்கொள்வார்.

"மனிதர் பார்த்துக்கொள்வார்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் முகத்துக்கு எதிரே ஒரு கேமரா. எல்லா நிறுவனமும் இதே கோட்டை இதே வேகத்தில்தான் போட்டிருக்கின்றன என்று சொல்லவில்லை. கேமராவையும் ரேடாரையும் சேர்த்துப் பார்க்கும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் நின்றுபோன வண்டி, குறுக்கே நிற்கும் தீயணைப்பு லாரி, சாலைப் பணிக்காக வைத்த தடுப்பு ஆகியவை இரண்டாம் நிலைக் கார்கள் எல்லாவற்றுக்கும் சிரமமான இடங்கள்தான்.

இப்போது நொடிக்கணக்கைப் பாருங்கள். மணிக்கு 70 மைல் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 31 மீட்டர் போகிறது. மூன்று நொடி பக்கத்து சீட்டைப் பார்த்தால் 90 மீட்டருக்கு மேல் நீங்கள் பார்க்காமலே கடந்துவிடுகிறீர்கள். டெஸ்லா கார்களில் இதே போன்ற வசதியான ஆட்டோபைலட் சம்பந்தப்பட்ட விபத்துகளை நிட்சா ஆராய்ந்தபோது, போதிய தகவல் கிடைத்த 109 விபத்துகளில் 59-இல், மோதுவதற்கு 5 நொடியோ அதற்கும் மேலாகவோ ஆபத்து கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது என்று கண்டது. ஐந்து நொடி என்பது நிறைய நேரம். பார்த்துக்கொண்டிருப்பவர் பிரேக்கும் போடலாம், லேனும் மாறலாம். அந்த நொடிகளில் கண் சாலையில் இல்லாததுதான் பிரச்சினை.

"அதுதான் நானே பார்த்துக்கொள்கிறேனே, கேமரா எதற்கு?" என்று கேட்கலாம். மனதார அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் மனித மூளை இந்த வேலைக்குப் பொருத்தமானதே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் திரை பார்ப்பவர்கள் எதிரியின் புள்ளியைத் தவறவிட்டதால், நார்மன் மக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கடிகாரம் போன்ற ஒரு முகப்பில் முள் துள்ளித்துள்ளி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்குள்ளேயே பிடிக்கும் திறன் இறங்கத் தொடங்கிவிட்டது. 1948-இல் அவர் இதை வெளியிட்டார். எதுவுமே நடக்காத ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பதுதான் நமக்கு வராத வேலை. கார் நன்றாக ஓட்ட ஓட்ட அந்த வேலைதான் நமக்கு மிஞ்சுகிறது.

பழகப் பழக இது இன்னும் மோசமாகும். காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பும் எம்ஐடி ஆய்வாளர்களும் மாசசூசெட்ஸில் 20 பேரிடம் வால்வோ எஸ்90, ரேஞ்ச் ரோவர் இவோக் கார்களைக் கொடுத்து ஒரு மாதம் ஓட்டச் சொன்னார்கள். வால்வோவின் பைலட் அசிஸ்ட் வசதியோடு ஓட்டியவர்கள், தொடக்கத்தில் இருந்ததைவிட மாத முடிவில் கவனம் விலகிய அறிகுறிகளை இரண்டு மடங்குக்கும் மேல் காட்டினார்கள். முதல் வாரத்தில் ஜாக்கிரதையாக இருந்த அதே ஆள்கள்தான். கார் தன்னை நல்லபடியாக நிரூபித்ததும் நம் காவல் இறங்கிவிடுகிறது.

உங்கள் மனைவியின் கார் விஷயம் இங்கேதான் வருகிறது. அதில் கவனத்தைப் பார்ப்பது கேமரா இல்லை, ஸ்டியரிங் தண்டில் இருக்கும் முறுக்கு உணரி. கையின் எடை ஸ்டியரிங் சக்கரத்தில் சின்ன முறுக்கைத் தருகிறது, அது இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கார் எடுத்துக்கொள்கிறது. டெஸ்லா 2015-இல் ஆட்டோபைலட்டை வெளியிட்டபோது வைத்தது இந்த முறையைத்தான். 2016 மே மாதம் ஃபுளோரிடாவின் வில்லிஸ்டன் அருகே ஒரு மாடல் எஸ், குறுக்கே திரும்பிய லாரியின் அடியில் புகுந்து ஓட்டியவர் இறந்தார். விபத்துகளை விசாரிக்கும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பதிவுகளைப் பார்த்தது. ஆட்டோபைலட் 37 நிமிடம் ஓடியிருந்தது, அதில் கை இருந்ததாக உணரி கண்டது மொத்தமே 25 நொடி. ஸ்டியரிங் முறுக்கை வைத்து ஓட்டுநரின் கவனத்தை அளப்பது போதாது என்று வாரியம் 2017-இல் எழுதியது. அடுத்த வருடமே கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூவில் ஒரு மாடல் எக்ஸ், சாலை பிரியும் இடத்திலிருந்த தடுப்பில் மோதியது. அதை ஓட்டி உயிரிழந்தவர் ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார் என்ற முடிவுக்கு வாரியம் வந்தது.

கை இருக்கிறது என்பதற்கும் கண் சாலையில் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு கையைச் சக்கரத்தில் தொங்கவிட்டு மறு கையில் மெசேஜ் அடிக்கலாம். ஒருவர் ஸ்டியரிங்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகி முறுக்கு உணரியை ஏமாற்றிய வீடியோ ஒரு காலத்தில் எல்லாரும் பார்த்தது. அதையே காந்தம் வைத்த எடைக் கட்டியாகச் செய்து விற்றார்கள். 2018-இல் நிட்சா அந்த விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. நீங்கள் ஆன்லைனில் பார்த்தது அதன் வாரிசுகளைத்தான். 2022-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, முறுக்கு உணரி, கேமரா ஆகிய இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது. ஓட்டுநர் வேண்டுமென்றே கவனத்தை விலக்கியபோது, கேமரா உள்ள கார்கள் மற்றவற்றைவிடச் சராசரியாக 50 நொடி முன்னதாகவே எச்சரித்தன. ஹைவே வேகத்தில் 50 நொடி என்றால் ஒரு மைலுக்கு அருகில். டெஸ்லாவும் 2021 மே மாதத்தில் காருக்குள் இருந்த கேமராவைக் கவனக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. 2023 டிசம்பரில் கவனக் கண்காணிப்பு போதவில்லை என்பதற்காகவே ஏறத்தாழ 20 லட்சம் கார்களை மென்பொருள் வழியாக ரீகால் செய்தது.

சரி, அந்தக் கேமரா என்னதான் பார்க்கிறது?

ஸ்டியரிங் தண்டின் மேலோ, மீட்டர் பலகையின் மேலோ சின்னக் கறுப்பு மேடு ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு கேமராவும் இரண்டு மூன்று அகச்சிவப்பு எல்இடிகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடுபவை. அதற்கு அழகான காரணம் உண்டு. சூரிய ஒளி காற்று மண்டலத்தைத் தாண்டி வரும்போது நீராவி அந்த அலைநீளத்தில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகிறது. அதனால் பட்டப்பகலிலும் அந்தக் குறிப்பிட்ட நிறத்தில் வெளிச்சம் சற்றே குறைவு, கேமராவுக்குத் தன் சொந்த விளக்கை மட்டும் பிரித்துப் பார்க்க எளிது. அந்த ஒளி நம் கண்ணுக்கும் தெரியாது, எனவே இரவில் கூசாது.

கேமராவுக்குக் கிடைப்பது கறுப்பு வெள்ளையில் உங்கள் முகம். முதலில் முகம் எங்கே என்று பிடிக்கும், பிறகு மூக்கு நுனி, கண் ஓரங்கள், வாய் ஓரங்கள் என்று புள்ளிகள் வைத்துத் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடும். அதற்கப்புறம் கண்ணுக்குள் போகும். கண்ணின் முன்பரப்பில் அந்த எல்இடியின் பிரதிபலிப்பு ஒரு பொட்டாக மின்னும். நீங்கள் கண்ணை உருட்டினால் நடுவிலுள்ள கண்பாப்பா நகரும், அந்தப் பொட்டு அவ்வளவாக நகராது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பார்வை எந்தத் திசையில் போகிறது என்று ஒரு கோடு போடுகிறது. அந்தக் கோடு முன்கண்ணாடியில் படுகிறதா, பக்கக் கண்ணாடியிலா, நடுத்திரையிலா, மடியிலா என்பதுதான் அதற்கு வேண்டிய தகவல். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதையும் தனியாக எண்ணிக்கொண்டே இருக்கும், அது தூக்கக் கலக்கத்துக்கு.

இத்துறையில் இருப்பவர்கள் ஓட்டுநர்களை ஆந்தை, பல்லி என்று பிரிப்பார்கள். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பின் விதிகளிலேயே இந்தப் பெயர்கள் இருக்கின்றன. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் தலையையே திருப்புபவர் ஆந்தை, தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்ப்பவர் பல்லி. தலையின் திசையை மட்டும் நம்பிய தொடக்ககாலக் கருவிகள் ஆந்தைகளைப் பிடித்தன, பல்லிகளை விட்டுவிட்டன. ஃபோனைத் தொடையில் வைத்துப் படிப்பவர்கள் பெரும்பாலும் பல்லிகள்தான். கண்ணின் பாப்பாவரை போகும் கேமரா இதனால்தான் தேவைப்பட்டது.

உடனே கத்துவதா, சற்றுப் பொறுப்பதா என்பதுதான் இதில் மிகவும் யோசித்துச் செய்த பகுதி. சுவீடனின் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான வீடிஐ-யில் உருவான அட்டென்டி என்ற கணக்கீட்டு முறை இதை நன்றாக விளக்குகிறது. உங்கள் கவனத்தை ஓட்டைக் குடத்தில் இருக்கும் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிறைந்திருந்தால் இரண்டு நொடி அளவு. சாலையிலிருந்து பார்வை விலகியதும் ஒழுகத் தொடங்கும், திரும்பிப் பார்த்தால் நிரம்பும். பக்கக் கண்ணாடியைப் பார்ப்பது ஓட்டுவதன் ஒரு பகுதி என்பதால் அதற்கு ஒரு நொடி சலுகை உண்டு, அந்த நொடி முடியும்வரை ஒழுகாது. குடம் காலியானால் எச்சரிக்கை. இப்போது உங்கள் அனுபவத்தைப் பொருத்திப் பாருங்கள். ஒருமுறை சட்டென்று திரும்பிப் பார்த்ததற்கு அது ஒன்றும் சொல்லியிருக்காது. திரும்பி, ஒரு கணம் சாலையைப் பார்த்து, குடம் நிரம்புவதற்குள் மறுபடி திரும்பி, மறுபடியும் திரும்பியிருப்பீர்கள். "இப்போதுதானே முன்னால் பார்த்தேன்" என்று தோன்றும். அந்த "இப்போது" போதவில்லை. எல்லா நிறுவனமும் இதே எண்களை வைப்பதில்லை, ஆனால் விட்டுவிட்டுப் பார்ப்பதையும் சேர்த்துக் கணக்கிடும் போக்கு பரவலாக வந்துவிட்டது. யூரோ என்கேப் விதியில் 30 நொடிக்குள் மொத்தமாக 10 நொடி பார்வை விலகினால் அதுவும் கவனச் சிதறல்தான்.

சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்துகிறது என்றீர்கள். பெரும்பாலும் கேமராவுக்குக் கண் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். ஸ்டியரிங்கின் உச்சியில், 12 மணி இடத்தில் கையை வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் மணிக்கட்டு கேமராவை மறைக்கும். தொப்பியின் விளிம்பைத் தாழ்த்திப் போட்டாலும் அப்படியே. வெயில் கண்ணாடியைப் பொறுத்தவரை நிறம் கறுப்பாக இருப்பது பிரச்சினை இல்லை. பெரும்பாலான கறுப்புக் கண்ணாடிகள் அகச்சிவப்பை விட்டுவிடும், சிலவற்றின் பூச்சு மட்டும் அதையும் தடுக்கும். வேறொரு கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மாலைச் சூரியன் பக்கவாட்டில் முகத்தில் அடித்தாலும் தடுமாறும். கண் அமைப்பும் சேரும். சிறிய கண்கள் உள்ள ஒருவரைத் தூங்குவதாக எண்ணி அவருடைய கார் திரும்பத் திரும்ப எச்சரித்த செய்தி 2022-இல் சீனாவிலிருந்து வந்தது. அவர் ஓட்டியது எக்ஸ்பெங் கார். ஒவ்வொருவரின் இயல்பான இமைத் திறப்பையும் முதல் சில நிமிடங்களில் கற்றுக்கொள்ளாத கருவி அநியாயமாகத்தான் நடந்துகொள்ளும். அந்த இடத்தில் குறை கருவியுடையது, ஓட்டுநருடையது அல்ல. நீங்கள் சரிபார்க்க வேண்டியது சீட்டின் உயரம், ஸ்டியரிங்கின் சாய்வு, கண்ணாடி, தொப்பி. இவ்வளவையும் சரிசெய்த பிறகும் நேராகப் பார்க்கும்போது கத்தினால் சர்வீஸில் சொல்லி கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி கேமராவுக்குத் தெரியாதது. என் பதிலில் இந்தப் பகுதியைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். அது கண்ணின் திசையைப் பார்க்கிறது, மனதைப் பார்க்கவில்லை. கண் நேராக ஹைவேயைப் பார்த்தபடி இருக்கும், மனம் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும். அப்போது முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தாலும் கண்ணில் பட்டு மனதில் பதியாது. நீண்ட நேரம் யோசனையில் ஆழ்ந்தவரின் பார்வை ஒரே இடத்தில் குவிந்துவிடும், கண்ணாடிகளைப் பார்ப்பது குறையும் என்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதை வைத்து மனச்சிதறலைக் கண்டுபிடிக்க முயற்சிகள் நடக்கின்றன, ஆனால் இன்று சாலையில் ஓடும் கார்களில் அதை நம்பி இருக்க முடியாது. குடிபோதையும் அப்படித்தான். நான் மேலே சொன்ன ஃபிலடெல்ஃபியா விபத்தில், குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியதாகத்தான் ஓட்டுநர் மீது வழக்குப் போடப்பட்டது. போதையில் ஓட்டுவதைக் கண்டறியும் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்க விதி செய்யச் சொல்லி அமெரிக்கக் காங்கிரஸ் 2021-லேயே சட்டம் இயற்றியது. 2024 நவம்பர் கெடு தாண்டியும் விதி வரவில்லை.

எச்சரிக்கையை மீறினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் குரூஸை எடுத்துக்கொள்வோம். 2017-இல் கேடிலாக் சிடி6 காரில் வந்த இது, அமெரிக்காவில் ஹைவேயில் கையை விட்டு ஓட்ட அனுமதித்த முதல் அமைப்புகளில் ஒன்று. தொடக்கத்திலிருந்தே முகம் பார்க்கும் கேமராவோடு வந்தது. ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் ஒரு விளக்குப் பட்டை இருக்கும். பச்சை என்றால் கார் ஓட்டுகிறது. நீலம் என்றால் நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறீர்கள், அது காத்திருக்கிறது. பச்சை மினுக்கினால் சாலையைப் பார் என்று பொருள். பார்க்காவிட்டால் சிவப்பு மினுக்கும், சீட் அதிரும் அல்லது பீப் ஒலி வரும், உடனே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் குரல் எச்சரிக்கை வரும், கார் வேகத்தைக் குறைத்து அபாய விளக்குகளைப் போட்டபடி நிற்கும், உதவி மையத்துக்கும் அழைப்பு போகும். மயக்கம் போட்டு விழுந்தவரைக்கூட இந்த வரிசை காப்பாற்றும். ஸ்டியரிங்கில் எடைக் கட்டியை மாட்டியிருக்கும் காரிலோ, மயங்கிய ஆளோடு அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எல்லாக் காரிலும் இது ஒரே தரம் இல்லை. காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் அதே அமைப்பு 2024 மார்ச்சில் 14 அமைப்புகளை, கவனத்தைக் காக்கும் ஏற்பாடுகளை மட்டும் வைத்து மதிப்பிட்டது. ஏற்கத்தக்கது என்று பெயர் வாங்கியது ஒன்றே ஒன்று, லெக்ஸஸ் எல்எஸ் காரின் டீம்மேட். இரண்டு சுமார், மீதி 11 மோசம். விற்பனை விளம்பரத்தில் கை எடுப்பதைக் காட்டிய அளவுக்கு, கண்ணைக் காப்பதற்குப் பணம் போடவில்லை என்பதுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்வது. ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டத்தாலேயே செய்தது. கவனச் சிதறல் எச்சரிக்கை 2024 ஜூலை முதல் புது மாடல்களிலும், 2026 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் 3.5 நொடி பார்வை விலகினால் எச்சரிக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் இல்லை, வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

படம் அனுப்புகிறதா என்ற உங்கள் பயம் நியாயமானது. இந்த வேலைக்குப் படத்தைச் சேமிக்க வேண்டிய அவசியமே இல்லை. காருக்குள் இருக்கும் சிப்பிலேயே கணக்கு நடந்து, "பார்வை சாலையில்", "பார்வை மடியில்" என்ற முடிவு மட்டும் மிஞ்சும். ஐரோப்பியச் சட்டம் அதையே கட்டாயமாக்கியிருக்கிறது: தகவல் காருக்குள்ளேயே சுழல வேண்டும், வேலை முடிந்ததும் அழிய வேண்டும், மூன்றாம் ஆளுக்குப் போகக் கூடாது. அமெரிக்காவில் அது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. டெஸ்லாவில் நீங்களாகத் தகவல் பகிர்வை ஆன் செய்தால் ஒழியக் காரின் உள்ளேயுள்ள கேமராப் படம் வெளியே போகாது என்று நிறுவனம் சொல்கிறது. உங்கள் காரின் செட்டிங்ஸில் தகவல் பகிர்வு என்ற பகுதியைத் திறந்து, ஒவ்வொரு வரியையும் படித்து, வேண்டாததை அணைத்துவிடுங்கள். கேமராவை மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் பெரும்பாலான கார்களில் கையை விட்டு ஓட்டும் வசதியே வேலை செய்யாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கடைசியாக, ஓட்டும்போது செய்ய வேண்டியவை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள், முகத்தைத் திருப்பாமல் பேசுங்கள். கேமராவுக்குப் பேச்சு பிரச்சினை இல்லை, ஒரு நல்ல பேச்சு தூக்கத்தையும் விரட்டும். எச்சரிக்கை வரும் நேரத்தைப் பழகிக்கொண்டு, அது வருவதற்கு அரை நொடி முன்பு கண்ணை நிமிர்த்தும் பழக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்லா ஓட்டுநர்கள் சில வாரங்களிலேயே எச்சரிக்கை வந்ததும் ஸ்டியரிங்கை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி வேறு வேலைக்குப் போகக் கற்றுக்கொண்டதை ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. கையை விட்டு ஓட்டும்போது நெஞ்சுக்குக் கீழே எங்காவது சக்கரத்துக்கு அருகிலேயே கையை வையுங்கள், தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளாதீர்கள். தூரத்தில் அபாய விளக்கு மினுக்கினாலோ, ஆரஞ்சு நிறத் தடுப்புகள் தெரிந்தாலோ, முன்னால் போகும் வண்டி காரணம் தெரியாமல் திடீரென்று லேன் மாறினாலோ காத்திருக்க வேண்டாம். அந்த வண்டி விலகிய இடத்தில் ஏதோ நின்றிருக்கலாம், உங்கள் காருக்கு அது நின்றிருப்பது தெரியாமல் இருக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்து, பிரேக்கில் கால் வைத்து, அந்தப் பகுதியைத் தாண்டும்வரை நீங்களே ஓட்டுங்கள். இரவில், மழையில், நெருக்கமான சாலைப் பணிப் பகுதியில் என் காரில் அந்த வசதியை நான் போடுவதே இல்லை. மனைவியின் காருக்கும் இதே விதிதான். அதில் கேமரா கத்தாது என்பதால் அங்கே இன்னும் கூடுதலாக.